நீர்க்கடுப்பு, கேட்காத மருந்து: முகாம் கேள்விகள்

இடம்பெயர்ந்தோர் முகாம்களில் வரும் சிறுநீர்த் தொற்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆய்வகக்காரன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முகாம் பெண்களுக்கு இது அடிக்கடி வருகிறதே, சுத்தக் குறைவா?
முதலில் கழிவறையைப் போய்ப் பாருங்கள். 20 பேருக்கு ஒன்றாவது வேண்டும் என்கிறது ஸ்பியர் கையேடு, நிவாரணப் பணிக்கான உலகத் தரநூல். விளக்கும் தாழ்ப்பாளும் இல்லாத இடத்துக்கு இருட்டில் யார் போவார்கள்? சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். தேங்கிய சிறுநீரில் ஈ.கோலை என்ற குடல் கிருமி பெருகுகிறது.

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கேட்கவில்லை. அடுத்து என்ன?
கல்ச்சர், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை. அதற்கு வழியில்லை என்றால், சாதாரண நீர்க்கடுப்புக்கு நைட்ரோஃபுரான்டாயின் இன்னும் பல இடங்களில் வேலை செய்கிறது. மருத்துவர் சொன்னால் 5 நாள். குளிர்காய்ச்சலும் விலாவலியும் இருந்தால் இது போதாது. சிறுநீரகத் திசுவில் இது போதிய அளவு சேராது.

செஃபிக்சிமும் கேட்கவில்லை. வேறு மாத்திரை?
கல்ச்சர். மேலே சொல்லிவிட்டேன்.

கல்ச்சர் செய்தோம், முடிவு குழப்பமாக வந்தது.
பாட்டில் எங்கே இருந்தது? காலையில் பிடித்த சிறுநீர் மத்தியானம் வரை வெயில் படும் மேசையில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டில் நாலு கிருமி நாலாயிரமாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள், அல்லது போரிக் அமிலம் போட்ட பாட்டிலில் பிடியுங்கள்.

மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமிகளை அகதிகள்தானே கொண்டுவருகிறார்கள்?
சிலர் குடலில் சுமந்து வரலாம், விமானத்தில் ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணியும் அப்படித்தான். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கும் ஈஎஸ்பிஎல் நொதிக்கான மரபணுவை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றிவிடும். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டாம்.

மழுப்புகிறீர்கள். எல்லையிலேயே எல்லோரையும் சோதித்தால் என்ன?
சோதித்து? குடலில் சும்மா இருக்கும் கிருமிக்கு யாரும் வைத்தியம் செய்வதில்லை. ஒரு பெண்மணி துணிப்பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்துக் காட்டினார். மூன்று வேறு மருந்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து மாத்திரை மிச்சம். ஒவ்வொரு இடமாக ஓடியபோது கிடைத்ததை வாங்கியிருக்கிறார், எங்கும் முழுதாக முடிக்க விடவில்லை. அந்தச் சோதனைச் செலவில் ஒரு செவிலியரையும் நாலு கழிவறைகளையும் கொடுங்கள்.

அறிகுறி இல்லை, சிறுநீரில் கிருமி மட்டும் இருக்கிறது. மருந்து?
கர்ப்பிணி என்றால் உண்டு. சிறுநீர்ப்பாதை அறுவைசிகிச்சைக்கு முன்பும் உண்டு. மற்றபடி பெரும்பாலும் வேண்டாம்.

அமாக்சிசிலின் போடலாமா?
கல்ச்சர், ஐயா.