நாளைய டாலருக்கு இன்றே விலை பேசலாமா?

கேள்வி: மலேசியாவின் கிள்ளானில் முறுக்கும் மசாலாத் தூளும் தயாரிக்கிறேன். குண்டூர் மிளகாய்க்கு 90 நாள் தவணையில் அமெரிக்க டாலரில் பணம் கட்ட வேண்டும். பொரிக்க மாதம் 6 டன் பாமாயில் வாங்குகிறேன். இரண்டின் விலையும் நிலையாக இல்லை. இன்றே விலையை முடிவு செய்து பிறகு வாங்கும் முன்பேர ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள். இஸ்லாமிய மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. 2024 பிப்ரவரியில் 4.80 ரிங்கிட்டை ஒட்டியிருந்த டாலர், செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு இறங்கியது. ஒரு லட்சம் டாலர் பில்லில் இது 68,000 ரிங்கிட் வித்தியாசம். இதே அளவு டாலர் ஏறினால் அது உங்களுக்கு நட்டம். இத்தகைய நட்டத்திலிருந்து காத்துக்கொள்வதை இஸ்லாமியச் சட்டமான ஷரீஆ தடுக்கவில்லை. காத்துக்கொள்ளும் முறைக்குத்தான் நிபந்தனை.

நாணயத்தை நாணயத்துக்கு மாற்றும்போது இரண்டும் அப்போதே கைமாற வேண்டும். விலையை இன்று பேசி முடித்து, இரு தரப்புப் பணத்தையும் 90 நாள் தள்ளிப்போடும் வழக்கமான ஒப்பந்தம் இங்கேதான் அடிபடுகிறது. மலேசிய இஸ்லாமிய வங்கிகள் அதற்குப் பதிலாக 'வஅத்' என்னும் ஒருதலை வாக்குறுதியைப் பயன்படுத்துகின்றன. இன்ன தேதியில் இன்ன விலைக்கு இவ்வளவு டாலர் வாங்குவேன் என்று நீங்கள் மட்டும் வாக்களிக்கிறீர்கள். விற்பனை அந்தத் தேதியில்தான், கையோடு கை நடக்கும். வாக்குத் தவறினால் வங்கியின் நட்டத்தை ஈடுகட்ட வேண்டும். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஷரீஆ ஆலோசனைக் குழு இதை ஏற்றிருக்கிறது. அந்த விலையும் இரு நாட்டு வட்டி விகிதங்களை ஒட்டித்தானே அமைகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான். ஆனாலும் விலைக்கு ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்வதும் வட்டி வாங்குவதும் ஒன்றல்ல என்பது பல அறிஞர்களின் நிலை. பத்திரத்தில் வாக்களிப்பவர் ஒருவர்தானா என்று படித்துப் பாருங்கள். இன்வாய்ஸ் தொகைக்கு மேல் ஒரு டாலருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நானாக இருந்தால் முராபஹாவை முதலில் விசாரிப்பேன். வங்கி டாலர் கொடுத்து மிளகாயை வாங்கி, இலாபம் சேர்த்து, ரிங்கிட்டில் தவணைக்கு உங்களுக்கு விற்கும். கட்ட வேண்டிய தொகை அன்றே தெரிந்துவிடும். சரக்கு முதலில் வங்கியின் உடைமைக்கு வந்தாக வேண்டும் என்பதால், நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட மிளகாய்க்கு இது உதவாது.

பாமாயில் கதை வேறு. புர்சா மலேசியா என்னும் சந்தையில் நடக்கும் கச்சா பாமாயில் முன்பேர வணிகத்தை இந்நாட்டுப் பங்குப் பத்திர ஆணையத்தின் ஷரீஆ குழு அனுமதிக்கிறது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (சட்டவியல்) அகாடமியோ இந்த வகை வணிகத்தை 1992இல் மறுத்துவிட்டது. அந்த விவாதத்துக்குள் நீங்கள் போகவே தேவையில்லை. அங்கே ஒரு லாட், அதாவது ஓர் ஒப்பந்தத்தின் அளவு, 25 டன். உங்கள் நான்கு மாதத் தேவையைவிட அதிகம். விலை இறங்கினால் அன்றன்றே பணமும் கட்டச் சொல்வார்கள். போதாததற்கு, நீங்கள் பொரிப்பது கச்சா பாமாயிலிலும் அல்ல.

உங்கள் அளவுக்கு ஸலம் பொருந்தும். முழு விலையையும் இன்றே கொடுத்து, எண்ணெயைக் குறித்த தேதியில் பெறுவது. பேரீச்சம்பழத்துக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே பணம் கொடுத்துவந்த மதீனாவாசிகளிடம், அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கட்டும் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). பாதியை இன்றும் மீதியைப் பிறகும் கொடுத்தால் அது ஸலம் ஆகாது. பணம் முடங்கும் என்பதால் முதலில் ஒரு மாத எண்ணெய்க்கு மட்டும் பேசுங்கள். மொத்த வியாபாரியிடம் பிணையோ அடமானமோ கேட்கலாம், அதற்கு அனுமதி உண்டு.