கப்பலுக்கு இஸ்திரிப் பெட்டி ஏன் ஆகாது? – வாசகர் கேள்வி-பதில்

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பும் சுற்றுலாக் கப்பல்களில் போகவிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும். கப்பலில் எந்த அறை எடுக்கலாம்? (மதுரை வாசகி)

கீழ்த்தளத்தில், கப்பலின் நீளவாக்கில் நடுவில் உள்ள அறையைக் கேளுங்கள். சீசா பலகையில் நுனியில் இருப்பவர்தான் ஏறி இறங்குவார்; நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. பால்கனிக்கு ஆசைப்பட்டு மேல்தளத்தில் முன்கோடி அறையை எடுக்காதீர்கள். அதிகம் ஆடுவது அதுதான்.

கப்பல் முக்கியமாக இரண்டு விதமாக ஆடும். பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்வது ஒன்று. முன்முனை எழும்பப் பின்முனை தாழ்வது இன்னொன்று. முதல் ஆட்டத்தைக் குறைக்க ஸ்டெபிலைசர் இருக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும், விமான இறக்கை போன்ற துடுப்பு. கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்ந்து, துடுப்பின் கோணத்தை உடனுக்குடன் மாற்றி எதிர்ப்பக்கம் தள்ளும். துடுப்பின் மேல் தண்ணீர் ஓடினால்தான் அந்த விசை கிடைக்கும். அதனால் கப்பல் வேகமாகப் போகும்போது நன்றாக வேலை செய்யும், ஊர்ந்து போகும்போது பலன் குறைவு. முன்பின் ஆட்டத்துக்கோ இது உதவவே உதவாது. நடு அறையை வற்புறுத்திச் சொல்வது அதற்காகத்தான்.

மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே போடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. வயிற்றைக் காலியாக விட வேண்டாம். தலை சுற்றினால் திறந்த டெக்கில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். அறைக்குள் படுத்துக்கொண்டு போன் பார்த்தால் குமட்டல் கூடும். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். புக்கெட்டின் மேற்குக் கரைதான் மே முதல் அக்டோபர் வரை கொந்தளிக்கும். முடிந்தால் டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் போங்கள்.

பணம் கட்டும் முன் தளப் படத்தையும் பாருங்கள். உங்கள் அறைக்கு மேலும் கீழும் தங்கும் அறைகளே இருந்தால் நல்லது. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும்.

பயண அயர்ன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்களாமே, ஏன்? (கோவை வாசகர்)

நடுக்கடலில் கப்பல் மிகவும் அஞ்சுவது தீயைத்தான். தீயணைப்பு வண்டி வராது. கப்பலில் இருப்பவர்களேதான் அணைக்க வேண்டும். அயர்ன் பாக்ஸ், கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், மெழுகுவர்த்தி எல்லாவற்றுக்கும் தடை அதனால்தான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேறு சிக்கல். வீட்டு மின்சாரத்தில் ஒரு கம்பி ஃபேஸ், மற்றது நியூட்ரல். நியூட்ரல் மண்ணோடு இணைந்தது. பெரும்பாலான கப்பல்களில் அப்படி இல்லை. ஓர் இடத்தில் பழுது வந்தாலும் மின்சாரம் நின்றுவிடக் கூடாது என்று, இரண்டு கம்பிகளையும் கப்பலின் இரும்புடலோடு ஒட்டாமல் வைத்திருப்பார்கள். இரண்டிலுமே மின்னழுத்தம் இருக்கும். மின்னழுத்தம் திடீரென எகிறினால் கருவிகளைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டர் உள்ள பெட்டியில் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு பாகம் உண்டு. கப்பலின் வேறெங்கோ பழுது ஏற்பட்டால், அந்தப் பாகத்தின் வழியே இடைவிடாமல் மின்சாரம் பாய்ந்து, சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதுபற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. யுஎஸ்பி துளைகள் மட்டும் கொண்ட சார்ஜரை எடுத்துச் செல்லுங்கள், போதும்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? கழிவறை எப்படி இருக்கும்? (திருச்சி வாசகி)

தாராளமாகக் குடிக்கலாம். கடல்நீரைத்தான் நன்னீராக்குகிறார்கள். எஞ்சினைக் குளிர்வித்து வரும் வெந்நீரின் சூட்டை வீணாக்காமல் அதைக் கொண்டே கடல்நீரை ஆவியாக்குவது ஒரு முறை. ஆவியாக்கும் கொள்கலனுக்குள் காற்றழுத்தம் குறைவு என்பதால் 100 டிகிரிக்கு வெகு முன்பே கொதித்துவிடும். ஆர்ஓ இன்னொரு முறை. பிறகு தாது உப்பும் குளோரினும் சேர்ப்பார்கள்.

கழிவறையில் தண்ணீரை ஊற்றித் தள்ளுவதில்லை, வெற்றிடம் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் போதும். மூடியைச் சாத்திவிட்டு பொத்தானை அழுத்துங்கள். குழாய் குறுகல், ஈரத் துடைப்புத்தாள், நாப்கின், மிச்சச் சோறு எதையும் போடக் கூடாது. ஒரு வால்வில் எதாவது சிக்கி அது மூடாமல் நின்றால் அந்த வரிசைக் குழாய் முழுக்க உறிஞ்சும் விசை குறைந்து, பக்கத்து அறைகளிலும் கழிவறை வேலை செய்யாது. அழுத்திய பிறகும் 'உஸ்' என்ற சத்தம் நிற்காவிட்டால் உடனே வரவேற்பறைக்கு போன் செய்யுங்கள். பல கப்பல்களில் ஹெல்த் ஃபாசெட் கிடையாது. அமுக்கினால் பீச்சும் சிறு பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் எடை 2,48,663 டன்னா? (சேலம் வாசகர்)

அது எடையே அல்ல, 'கிராஸ் டன்னேஜ்'. அதாவது, கப்பலின் மூடிய இடங்களின் கொள்ளளவிலிருந்து கணக்கிடும் எண்.

ஏறியதுமே பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைப்பார்களாமே, தவிர்க்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு அதுவரை பயிற்சி நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: இதுதான் ஆபத்துச் சைகை. அப்போது நீங்கள் போய்ச் சேர வேண்டிய கூடுமிடத்தின் எண் உங்கள் அறை அட்டையில் இருக்கும். அறையிலிருந்து அந்த இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல், படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள்.

ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்குமா? (சென்னை வாசகி)

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போயிருந்தால் பொதுவாகக் காத்திருக்கும். தனியாகப் போனால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும்.

புக்கெட்டில் இன்னும் கவனம் வேண்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடி, மாலை 5 மணிக்குள் திரும்பச் சொல்லியிருந்தால், தானாக மாறிக்கொண்ட உங்கள் போன் அப்போது 4 என்று காட்டும். போனை நம்பி வந்தால் ஒரு மணி நேரத் தாமதம். சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரம் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். பெரிய கப்பல்கள் அங்கே பாடோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, சிறு படகில்தான் கரைக்கு அனுப்பும். கடைசிப் படகின் நேரம்தான் உங்களுக்குக் கெடு. கப்பல் புறப்படும் நேரம் அல்ல.

இறங்கும் முன், தினசரி நிகழ்ச்சித்தாளில் உள்ள துறைமுக ஏஜென்ட்டின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பாக இருப்பவர்) எண்ணை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விசாவையும் ஊரிலேயே சரிபாருங்கள்: கப்பலில் போய்த் திரும்புவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. ஒருமுறை மட்டுமே நுழைய அனுமதிக்கும் விசா இதற்குப் போதாது.