பெற்றோரை வெறுப்பதா சீடத்துவம்?

கேள்வி: லூக்கா 14:26-இல், தாய் தந்தையை ‘வெறுக்காவிட்டால்’ இயேசுவின் சீடராக முடியாது என்கிறது பழைய மொழிபெயர்ப்பு, திருப்பலியில் வாசிப்பதோ ‘என்னைவிட மேலாகக் கருதினால்’ என்றிருக்கிறது. எது சரி?

பதில்: கிரேக்க மூலத்தில் இருப்பது ‘வெறுத்தல்’ என்னும் சொல்தான். ஆனால் எபிரேய வழக்கில் அது ஒப்பீட்டையும் குறிக்கும். தொடக்க நூல் 29-இல் யாக்கோபு லேயாவைவிட ராகேலை அதிகம் நேசித்தார் என்று ஒரு வசனம் சொல்ல, அடுத்த வசனமே லேயா வெறுக்கப்பட்டதாகக் கூறுகிறது. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கான காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களை மாற்கு 7-இல் கண்டித்த இயேசு, பெற்றோரைப் பகைக்கச் சொல்லியிருக்க முடியாது. என்றாலும் அந்தச் சொல்லின் சூட்டை முழுவதும் ஆற்றிவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஏனெனில் தொடர்ந்து வரும் உவமையில், உட்கார்ந்து செலவைக் கணக்கிடாமல் கோபுரம் கட்டத் தொடங்கியவர், அடித்தளத்தோடு நின்றுபோய், பார்ப்போரின் ஏளனத்துக்கு ஆளாகிறார்; சீடராவதற்கும் அப்படி ஒரு விலை உண்டு, அதை முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.