கல்யாணப் பேச்சு வந்ததும் சண்டை அதிகமாகிறதே, நாங்கள் பொருத்தமில்லாத ஜோடியா?

காதலித்த புதிதில் சண்டையே இல்லை, இரு வீட்டிலும் சம்மதம் கிடைத்த பிறகுதான் ஓயாத சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், பலருக்கும் நடப்பதுதான். பிரேக்கர், கெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், திருமணமானவர்களிடம் பழைய நாட்களை நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். சும்மா பழகிய காலத்தைவிட, உறவு உறுதியாகும் காலத்தில் சண்டை கூடியிருந்தது. அதற்கப்புறம் கல்யாணம் வரை பெரிதாக ஏறவில்லை.

யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. கடற்கரையில் சுண்டல் சாப்பிடும் வரை அவர் சம்பளம் அவருடையது, உங்கள் சம்பளம் உங்களுடையது. கல்யாணம் என்றதும் தங்கை படிப்பு, வீட்டுக் கடன், யார் வேலையை விட்டு எந்த ஊருக்குப் போவது எல்லாம் இருவர் தலையிலும் விழுகிறது.

எனக்கும் என் கணவருக்கும் முதல் பெரிய சண்டை கல்யாண மண்டபத்தால் வந்தது. எதைக் கேட்டாலும் அவர் "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார். எனக்குச் சுர்ரென்று ஏறும். ஒருநாள் "மண்டபத்துக்கு அம்மா வளையலை அடகு வைக்கப் போறாங்க, அதான் கேட்கிறேன்" என்றார். அன்றைக்கே சின்ன மண்டபமாகப் பார்த்துவிட்டோம். அதுவரை அம்மாவைப் பற்றி நடந்த சண்டை, உண்மையில் பணத்தைப் பற்றியது.

சண்டையை எப்படி ஆரம்பிக்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தம்பதிகளின் சண்டைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், முதல் மூன்று நிமிடமே நிறையச் சொல்லிவிடும் என்கிறார். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சு உருப்படாது. "முன்பணம் நாளைக்குள் கட்டணும், எனக்குப் பதற்றமா இருக்கு" என்றால் பதில் சொல்ல ஏதாவது இருக்கும். அவர் கணக்கில் எல்லாவற்றையும்விட மோசமானது ஏளனம். மாமியார் பேசுவது போலப் பேசிக் காட்டுவதெல்லாம் அதில் சேரும் (சிரிப்பு வரும், ஆனாலும் வேண்டாம்).

நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது பேசாதீர்கள். இருபது நிமிடமாவது விலகியிருங்கள், ஆனால் எப்போது திரும்பப் பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக்கோடு விட்டுவிடுவது இடைவேளை ஆகாது.

கை ஓங்குவது, செத்துப்போவேன் என்று மிரட்டுவது, போனைப் பிடுங்கிப் பார்ப்பது எதுவும் இந்தச் சண்டைக் கணக்கில் வராது. அப்படி இருந்தால் பத்திரிகை அடித்தாகிவிட்டதே என்று பார்க்காதீர்கள். வீட்டில் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள்.