சென்சார் சொல்லும் குவிண்டாலை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பெங்களூரு கம்மனஹள்ளியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். தொட்டபள்ளாபூர் பக்கம் நான்கு ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது, மானாவாரி. தம்பி அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறான். ஜூன் கடைசியில் வறட்சி தாங்கும் வீரிய ரக மக்காச்சோளம் விதைத்தோம். ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை. இப்போது ஐம்பது நாள் பயிர். ஒரு ஏஜென்ட் வந்து, மண்ணில் பதிக்கும் சென்சார் இரண்டு, கையில் பிடிக்கும் சென்சார் ஒன்று, செயற்கைக்கோள் படம் காட்டும் ஆப் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் என்கிறார். மாதிரிக்கு ஒரு ரிப்போர்ட்டும் எடுத்துக் கொடுத்தார்: 100 குவிண்டால் வரும், ஐந்து சதவீதம்தான் முன்னே பின்னே இருக்குமாம். அதை வைத்து ஒரு வியாபாரி 100 குவிண்டாலுக்கு ஒப்பந்தம் போடத் தயார். குறைந்தால் குறைந்த ஒவ்வொரு குவிண்டாலுக்கும் நாங்கள் பணம் கட்ட வேண்டும். மழை பொய்த்தாலும் இதே ரிப்போர்ட்டைக் காட்டி இன்சூரன்ஸ் வாங்கலாம் என்கிறார். கௌரி கணேஷா பண்டிகைக்குள் கையெழுத்து கேட்கிறார். 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். சென்சார் வாங்குவதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசலாம். அளவு எழுதிய அந்த ஒப்பந்தம்தான் ஆபத்து.

ஐம்பது நாள் பயிரில் எந்தக் கருவியாலும் மணியைப் பார்க்க முடியாது, ஏனென்றால் மணியே இன்னும் உருவாகவில்லை. ஏஜென்ட் காட்டிய ரிப்போர்ட் இலையைப் பார்த்துச் சொன்னது. நல்ல பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் ஒரு பசுமைக் குறியீடு வரும். என்டிவிஐ என்று ஆப்பில் போட்டிருப்பது அதுதான். பயிர் சின்னதாக இருக்கும்போது அது உண்மையாகவே உதவும்: எங்கே முளைப்பு கெட்டது, எங்கே தழைச்சத்து போதவில்லை என்று காட்டிவிடும். தோகைகள் பின்னி நிலம் மூடிய பிறகு குறியீடு மேலே போய் நின்றுவிடும். சுமாரான பயிரும் அருமையான பயிரும் படத்தில் ஒரே பச்சையாகத் தெரியும்.

உங்கள் ரகத்தில் இன்னொரு சிக்கல். வறட்சி தாங்கும் ரகங்கள் பலவற்றில் இலை கடைசி வரை பச்சையாக நிற்கும். வறட்சியில் அது நல்ல குணம். ஆனால் சாதாரண ரகங்களைப் பார்த்துப் பழக்கிய கணக்கை அதன் மேல் போட்டால், ‘இவ்வளவு பச்சை இருக்கிறதே, இவ்வளவு மணி இருக்கும்’ என்று கூட்டிச் சொல்லிவிடும். நேர்மாறாகவும் நடக்கும். நடுப்பகல் வெயிலில் தண்ணீரை மிச்சப்படுத்த இலை குழலாகச் சுருண்டுகொள்ளும். அந்த நேரத்தில் அளந்தால் குறைத்துச் சொல்லும். காலையில் ஒரு கணக்கு, மதியம் ஒரு கணக்கு.

மக்காச்சோளத்தின் விளைச்சலைப் பெரும்பாலும் முடிவு செய்வது பூக்கும் சமயத்தை ஒட்டிய இரண்டு வாரம். மேலே ஆண் பூ மகரந்தம் கொட்டத் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் கதிரில் பட்டு நூல் வெளியே வர வேண்டும். ஒரு நூலுக்கு ஒரு மணி. மண் காய்ந்திருந்தால் நூல் வருவது தள்ளிப்போகும். ஒரு வாரம் தள்ளிப்போனால் மகரந்தம் தீர்ந்துபோயிருக்கும், கதிர் பொக்கையாகிவிடும். மெக்சிகோவில் உள்ள சிமிட் என்ற பன்னாட்டு ஆராய்ச்சி மையம் 1970களிலேயே வறட்சிக்கான தேர்வைத் தொடங்கியது. இந்த இடைவெளி குறைவாக உள்ள செடிகளைப் பொறுக்கி எடுப்பது அந்த வேலையின் முக்கியமான பகுதி. ‘வறட்சி தாங்கும்’ என்பதற்கு அர்த்தம் அவ்வளவுதான்: பக்கத்து வயல் முக்கால் பங்கு இழக்கும்போது நீங்கள் கொஞ்சம் குறைவாக இழப்பீர்கள். மழையே இல்லாமல் முழு விளைச்சல் தரும் என்று எந்த விதைப் பையிலாவது எழுதியிருந்தால், அந்தப் பையையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள், பின்னால் புகார் கொடுக்க உதவும்.

சில வருடங்களுக்கு முன் கௌரிபிதனூர் பக்கம் ஒரு வயலுக்குப் போயிருந்தேன். ஆப்பில் வயல் முழுக்கக் கரும்பச்சை. உள்ளே போய் நாலு கதிரை உரித்தால், அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு மணி, அதற்கு மேல் வெறும் சக்கை. அந்த வீட்டம்மா கதிரைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்களும் அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த வருடம் விற்ற பணத்தில் பாதி, பற்றாக்குறைக்கு அபராதமாகவே போனது. அதனால்தான் இதைப் பற்றிக் கேட்டால் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

இந்த ஏஜென்ட்டுகள் பேசும் விதம் எனக்கு மனப்பாடம். ‘ஐந்து சதவீதம்’ என்பார்கள். எந்த ரகத்தில், எந்த மண்ணில், எத்தனை பருவம் ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். போன முங்காருவில் (தென்மேற்குப் பருவமழைச் சாகுபடியில்) தேதியோடு கொடுத்த கணிப்பையும், அதே வயலின் மண்டி எடைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சிலர் ‘அரசாங்கமே செயற்கைக்கோளை வைத்துத்தானே கணிக்கிறது’ என்பார்கள். சரிதான், ஆனால் அரசு கணிப்பது மாவட்டம், மாநிலம் என்ற அளவில். ஒரு வயலில் கூடச் சொன்ன தவறும் இன்னொரு வயலில் குறையச் சொன்ன தவறும் அங்கே அடிபட்டுப்போகும். நான்கு ஏக்கரில் தவறு தவறாகவே நிற்கும், அதற்கான பணத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

இன்னொன்று, பஹணி (நில உரிமைப் பதிவேடு) நகல், ஆதார், ஃப்ரூட்ஸ் என்ற கர்நாடக அரசு விவசாயிப் பதிவின் அடையாள எண், ஓடிபி எதையும் ‘ரிஜிஸ்டர் பண்ணத்தான்’ என்று கேட்டால் தராதீர்கள். ஒப்பந்தத்தில் ஈரப்பதம் எவ்வளவு என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். 25 சதவீத ஈரத்தில் 100 குவிண்டால் அறுத்தால், 14 சதவீதத்துக்குக் காய்ந்தபின் 87தான் இருக்கும். கணிப்பு ஈர எடையிலும் கொள்முதல் காய்ந்த எடையிலும் இருந்தால், 13 குவிண்டால் பேப்பரிலேயே காணாமல் போய்விடும்.

இன்சூரன்ஸ் பேச்சு முழுப் பொய். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் முங்காரு தானியப் பயிருக்கு நீங்கள் கட்டுவது 2 சதவீதப் பிரீமியம். வறட்சி இழப்பைக் கணக்கிடுவது கிராம பஞ்சாயத்து அளவில், பொறுக்கி எடுத்த வயல்களில் அறுத்து எடை போட்டு. உங்கள் வயல் ரிப்போர்ட்டை யாரும் கையில்கூட வாங்க மாட்டார்கள். 2023 முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் விளைச்சல் கணக்கில் தொழில்நுட்பக் கணிப்புக்குக் குறைந்தது 30 சதவீதப் பங்கு கொடுக்கும் முறை வந்தது. அந்தச் செய்தியைத்தான் இவர்கள் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அதுவும் அரசு போடும் வட்டாரக் கணக்கு, தனியார் கிட் அதில் எங்கேயும் வராது. எனக்கு ஆத்திரமாக வருவது வேறு விஷயம். பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து மழைமானி இருக்கிறது, வருடா வருடம் அறுத்து எடை போட்ட கணக்கு இருக்கிறது. இவற்றைச் சேர்த்து விவசாயிக்குப் புரிகிற மாதிரி ஹோப்ளி (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய் வட்டம்) அளவில் ஒரு தாளில் கொடுத்திருந்தால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இருந்திருக்காது. கொடுப்பதற்கு ஆளில்லை.

இனி உங்கள் துவரைக்கு வருகிறேன், ஏனென்றால் ஏஜென்ட் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். உங்கள் வரிசைகள் இரண்டடி இடைவெளி என்றால், அந்த ஒரு புள்ளிக்குள் பதினாறு வரிசை அடங்கும், அதில் இரண்டு மூன்று துவரை. மக்காச்சோளம் முதிர்ந்து காயும் செப்டம்பர் கடைசியில் துவரை படர்ந்து கரும்பச்சையாக நிற்கும். படம் அந்தப் பச்சையையும் சேர்த்து மக்காச்சோளக் கணக்கில் எழுதிவிடும். கைச் சென்சாரை மக்காச்சோள வரிசைக்கு மேலே மட்டும் பிடித்தால் தப்பிக்கலாம்தான், ஆனால் அதைப் பயிருக்கு மேலே இரண்டு மூன்றடி உயரத்தில் பிடிக்க வேண்டும். ஏழடிப் பயிரில் தம்பி கழியில் கட்டித்தான் தூக்க வேண்டும், கழி கொஞ்சம் சாய்ந்தால் துவரை வந்துவிடும். மேகம் வேறு: முங்காருவில் பாதிப் படம் வெள்ளையாகத்தான் வரும். துவரைக்கு விட்ட இடத்தை ஏக்கர் கணக்கிலும் யாரும் கழிப்பதில்லை. உங்கள் நான்கு ஏக்கரில் மக்காச்சோளம் நிற்பது ஏழில் ஆறு பங்கில்தான்.

சரி, விளைச்சலை எப்படித் தெரிந்துகொள்வது? பட்டு நூல் வந்த ஒரு வாரத்தில் தம்பியை வயலின் ஐந்தாறு இடத்தில் ஒவ்வொரு கதிர் பறிக்கச் சொல்லுங்கள். மேல் உறையை நூல் அறுபடாமல் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்து, கதிரை மெல்ல உதற வேண்டும். மகரந்தம் சேர்ந்த மணியின் நூல் உதிர்ந்துவிடும், சேராதது ஒட்டிக்கொண்டே இருக்கும். நுனியில் மட்டும் நூல் நின்றால் கவலை இல்லை. பாதிக் கதிருக்கு நின்றால் அந்த 100 குவிண்டாலை மறந்துவிடுங்கள்.

அதற்கு மூன்று வாரம் கழித்து எண்ணிக்கை. இரண்டடி வரிசையில் 21¾ அடி நீளம் என்பது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் மணி பிடித்த கதிர்களை எண்ணுங்கள். நாலைந்து கதிரில் சுற்றிலும் எத்தனை மணி வரிசை என்பதையும், வரிசைக்கு எத்தனை மணி என்பதையும் எண்ணிச் சராசரி எடுங்கள். 22 கதிர், 14 வரிசை, வரிசைக்கு 28 மணி, ஆயிரம் மணி 250 கிராம் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 21½ குவிண்டால். பூக்கும்போது காய்ந்துபோய் 20 கதிர், 14 வரிசை, 20 மணி, 220 கிராம் என்று ஆனால் 12 குவிண்டால் சொச்சம். துவரைக்கு ஏழில் ஒரு பங்கு கழித்தால் நான்கு ஏக்கருக்கு முதல் கணக்கில் 74, இரண்டாவதில் 42. இரண்டு வயலும் ஆப்பில் ஒரே பச்சை. நன்றாக வந்த கணக்கிலேயே 100 வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மண் சென்சார் ஒன்று மட்டும் ஓரளவு உதவும், பூக்கும் அந்த இரண்டு வாரம் வேர்ப் பகுதி காய்ந்ததா என்று பார்க்க. ஆனால் சரளை கலந்த செம்மண்ணில் கருவியைச் சுற்றிக் காற்று இடைவெளி விழுந்தால் தப்பாகவே காட்டும். நான்கு ஏக்கருக்கு இரண்டு கருவி என்பது இரண்டு சாண் இடத்தின் சேதி. ஒரு சாதாரண மழைமானியும், மண்வெட்டியால் ஒன்றரை அடி தோண்டி மண்ணைக் கையில் உருட்டிப் பார்ப்பதும் இந்தப் பருவத்துக்குப் போதும். பக்கத்தில் ஏழெட்டுப் பேர் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் போட்டு, மூன்று வருடம் எடைச் சீட்டைச் சேர்த்து வைப்பீர்களானால், செலவைப் பங்குபோட்டு சென்சார் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

வியாபாரியை விட வேண்டாம் என்றால், அளவை எடுத்துவிட்டு ‘வயலில் விளைவது முழுவதும், 14 சதவீத ஈரத்தில், குவிண்டாலுக்கு இன்ன விலை’ என்று எழுதச் சொல்லுங்கள். 2025-26க்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,400 ரூபாயாக இருந்தது, இந்த வருட ஆதரவு விலையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். அபராதம் பற்றிய வாசகம் இருக்கவே கூடாது. எடை போடும்போது தம்பி நிற்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கொடுத்த 5,000 அட்வான்ஸுக்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் தேதியும் தொகையும் எழுதி, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அவர் ‘ஓகே’ என்று பதில் போட்டாலும் அது ஒரு சாட்சி. மாதிரிக்கு எடுத்துக் கொடுத்த அந்த ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். அக்டோபரில் மண்டிச் சீட்டு வந்ததும் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.