ஓடையை நகர்த்தி வைக்க யாருக்கு உரிமை?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். மேலக் கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் விழுந்தால், ஓடை வழியே வளைந்து வளைந்து வந்து, என் வயல் ஓரமாகப் போய்க் கீழே உள்ள கண்மாயில் சேரும். சித்திரையில் மேலே மனை போட்டவர் ஓடையின் இரண்டு வளைவுகளை மண் கொட்டி மூடிவிட்டு, தன் இடத்தின் ஓரத்தில் நேராக ஒரு சிமெண்ட் வாய்க்கால் கட்டிவிட்டார். கேட்டால், "இரண்டு பக்கமும் என் பட்டா. ஓடையை நான் அடைக்கவில்லை, நகர்த்தித்தான் வைத்திருக்கிறேன்" என்கிறார். ஐப்பசி மழையில் தண்ணீர் சீறி வந்து, வயல் கரையைத் தாழம்புதரோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. வயலெல்லாம் மணல். வக்கீல் தம்பி, அவர் செய்தது சரியா?

பதில்: சரியில்லை, ஆச்சி. இரண்டு பக்கமும் பட்டா இருக்கலாம். ஆனால் நடுவில் ஓடும் ஓடை, கிராமக் கணக்கில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம். அதை மூடவோ இடம் மாற்றவோ பக்கத்துப் பட்டாதாரருக்கு அதிகாரம் கிடையாது. அகலமாகக் கட்டிக் கொடுத்தேன், சிமெண்டில் கட்டிக் கொடுத்தேன் என்பதெல்லாம் பதில் ஆகாது.

ஒருவேளை ஓடையே அவருடைய பட்டாவுக்குள் வந்தாலும் உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தன் நிலத்தின் வழியாகவோ ஓரமாகவோ ஓடும் இயற்கையான ஓடையின் நீர், தடையில்லாமலும், அளவு, திசை, விசை, வெப்பம் இவற்றில் பெரிய மாற்றம் இல்லாமலும் வந்து சேர வேண்டும் என்பது ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உள்ள உரிமை. தண்ணீர் வந்தால் போதும் என்று அந்தச் சட்டம் நிறுத்திக்கொள்ளவில்லை. எந்தத் திசையில், எந்த வேகத்தில் வருகிறது என்றும் கேட்கிறது. உங்கள் வழக்கின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது.

வளைவு என்பது ஓடையில் வீணான இடம் அல்ல. தண்ணீரின் வேகம் அங்கேதான் தணிகிறது. வெளிவளைவில் மடு விழுந்து, ஓட்டம் நின்ற பிறகும் அங்கே நீர் தேங்கி நிற்கிறது. முதல் மழைக்கு எதிர்த்து ஏறும் கெளுத்தியும் விராலும் தங்குவது அந்த மடுவில்தான். அதை நேராக்கிச் சிமெண்ட் பூசினால் நீர் நிலத்துக்குள் இறங்காது, மீன் ஏறாது, அடக்கி வைத்திருந்த வேகமெல்லாம் வாய்க்கால் முடிகிற இடத்தில் மண்கரையில் போய் மோதும். அந்த மண்கரைதான் உங்களுடையது. பெரும்பாலும் கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழும் நம் பகுதியில் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உள்ளபடி சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. கடலோரத்தில் கடல்நீரின் இயல்பான ஓட்டத்தைக் குலைப்பதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை நேரடியாகவே தடுக்கிறது. அங்கே அனுமதிக்கப்படும் வேலைக்கும் முன்அனுமதி வேண்டும். உள்நாட்டு ஓடைக்கு அப்படி நேரான சட்டம் நம்மிடம் இல்லை. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொடாத திட்டம் பொதுவாகச் சுற்றுச்சூழல் முன்அனுமதிக்கே போவதில்லை. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டமோ, நீரோட்டத்தின் படுகை, கரை, போக்கு ஆகியவற்றை மாற்றுவதையே உரிமம் கேட்க வேண்டிய செயலாக வைத்திருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதுவரை இருப்பதை வைத்துத்தான் போராட வேண்டும்.

இருப்பதும் குறைவில்லை. இமாச்சலில் பியாஸ் ஆற்றின் போக்கைத் தன் கட்டடத்தைக் காப்பாற்றத் திருப்பிவிட்ட ஓட்டல் வழக்கில், ஆறு பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குத்தகை ரத்தானது, சூழலைச் சீர்செய்யும் செலவும் ஓட்டல் தலையில் விழுந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படமும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் திட்டத்துக்கு முந்தைய புலப்படம் தாலுகா அலுவலகத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது, பழைய வளைவு அதில் தெரியும். மனைப்பிரிவுக்கு நீர்வளத்துறை கொடுத்த தடையின்மைச் சான்றையும் அதன் நிபந்தனைகளையும் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமையில் கேளுங்கள். அப்புறம் கண்மாய் யார் பொறுப்பில் என்று பாருங்கள். கண்மாய் பாயும் வயல் பரப்பான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம், மேலே போனால் நீர்வளத்துறை. மனு தவறான மேசைக்குப் போனால் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

கோட்டாட்சியரிடம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் மனு கொடுங்கள்; பொது நீர்வழியில் உள்ள தடையை அகற்ற அவர் உத்தரவிடலாம். பாசன நீர் குறையும்படி செய்வது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். ஆகவே காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பசுமைத் தீர்ப்பாயம் போவதானால் காலக்கெடு கவனம். சூழல் பிரச்சினையைத் தீர்க்கக் கேட்கும் மனுவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் ஆறு மாதம்தான். தக்க காரணம் காட்டினால் 60 நாள் கூடுதல். சித்திரையில் நடந்த வேலைக்கு ஆறு மாதம் ஐப்பசியோடு போயிற்று. ஆகவே இந்தக் கார்த்திகைக்குள் தாக்கல் செய்யப் பாருங்கள். இழப்பீட்டுக்கும் சூழலைப் பழையபடி மீட்கவும் 15ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. தீர்ப்பாயம் எந்தெந்தச் சட்டங்களின் கீழ் விசாரிக்கலாம் என்று சொல்லும் அட்டவணையில் ஆக்கிரமிப்புச் சட்டங்கள் இல்லை. ஆக்கிரமிப்பை மட்டும் எழுதினால் மனு நிற்காது. மீன், மடு, நிலத்தடி நீர், கரை அரிப்பு எல்லாம் எழுத வேண்டும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், நீங்களே நேரில் வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. உங்கள் கரைக்கு மட்டும் நிவாரணம் போதும் என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்) கேட்கலாம்.

எங்கே போனாலும் "ஆக்கிரமிப்பை அகற்று" என்று மட்டும் கேட்காதீர்கள். சிமெண்டை உடைத்துவிட்டு நேர்வாய்க்காலை அப்படியே விட்டுவிடுவார்கள். பழைய புலப்படப்படி வளைவுகளை மறுபடி தோண்ட வேண்டும், படுகை மட்டம் பழையபடி இருக்க வேண்டும், கரை மண்ணாகவும் தாழையும் நாணலுமாகவும் இருக்க வேண்டும் என்று வரிவரியாகக் கேளுங்கள். பெயர்ந்த கரையை நீங்கள் அவசரப்பட்டுக் கட்டிவிட வேண்டாம். சர்வேயர் வந்து அளந்து, தேதியோடு படம் எடுத்து முடியட்டும். அதன் பிறகு மண் போடலாம்.