ரஜூலா வெறும் கூலிக் கப்பலா?

கேள்வி: என் தாத்தா ‘ரஜூலா’ கப்பலில் பினாங்கு போனவர். வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அந்தக் கப்பலைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். தோட்டத்துக்குக் கூலி ஆட்களை அள்ளிப்போன கப்பலில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

பதில்: நீங்கள் சொல்வது பாதிக்கும் குறைவான கதை. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய நீராவிக் கப்பல் அது, பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனியுடையது. சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆளும் சரக்கும் ஏற்றி, மலாயாவின் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிளாங்) வழியாக சிங்கப்பூர் போய்த் திரும்பும். இரண்டாம் உலகப் போர்க்காலம் போக, 1973 வரை இதுதான் அதன் பிழைப்பு. கங்காணிகள் சேர்த்த ஆட்களை ஆவடியிலும் நாகையிலும் முகாமில் வைத்திருந்து இந்தத் தடத்துக் கப்பல்களில் ஏற்றினார்கள், உண்மை. ஆனால் அப்படி ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இலேயே தடுத்துவிட்டது. அதற்கு முன்னாலும், 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து வேலை போனபோது, பல்லாயிரம் தொழிலாளர்களை இதே தடத்துக் கப்பல்கள்தான் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தன.

போருக்கு அப்புறம் டெக்கில், அதாவது கேபின் இல்லாத பொதுத் தளத்தில், வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தவர்கள். அங்கே கடை வைத்திருந்தவர், அந்தக் கடையில் சம்பளத்துக்கு இருந்தவர், ஊருக்கு வந்து கல்யாணம் முடித்துத் திரும்பியவர், கைக்குழந்தையோடு கணவனிடம் போன பெண்.

சொகுசு என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். கட்டிய காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது, கேபின் கிடைத்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். மற்றவர்களுக்குக் கடலில் இருக்கும் நாளெல்லாம் பாய் விரித்த இடம்தான். நாகையில் கப்பல் கரையை ஒட்டி வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும்; வெங்காய மூட்டையும் படகில்தான் போக வேண்டும், ஆளும் படகில்தான் போக வேண்டும், அலை தூக்குகிற நேரம் பார்த்துக் கப்பலைப் பிடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று நாகைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த டெக்கையும் அடித்தளச் சரக்கையும் நம்பித்தான் கம்பெனி இத்தனை வருஷம் கப்பலை ஓட்டியது.

அந்த நெரிசலுக்காகக் கம்பெனியைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அதில் போய், அக்கரையில் குடும்பத்தை நிலைநிறுத்தியவர்கள் பேசும்போது ‘கூலிக் கப்பல்’ என்று குறுக்கே விழாதீர்கள். உங்கள் தாத்தா தோட்டத்துக்கே போயிருந்தாலும் அதில் அவருக்கு எந்த அவமானமும் இல்லை, ஏமாற்றி அழைத்துப்போனவர்களுக்குத்தான் அவமானம்.

1973-இல் ரஜூலாவை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ‘ரங்கத்’ என்று பெயர் மாற்றியது, அடுத்த வருஷமே உடைத்துவிட்டார்கள். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் வீட்டில் இருந்தால் முத்திரைகளைப் பாருங்கள், எந்த ஆண்டு போனார், எத்தனை முறை வந்து போனார் என்று தெரியும். அதோடு மறுபடி எழுதுங்கள், பக்கம் ஒதுக்குகிறேன்.